கத்திரி வெயிலும் நெடுந்தூர பைக்கும்: இன்ஜின் சூடு, ஃபேரிங் பற்றி நீங்கள் கேட்டவை

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். ‘வண்டி ஹீட் ஆகுதுண்ணே, கால் வேகுதுண்ணே’ என்பதுதான் பாதிக்கு மேல். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கியிருக்கிறேன்.

ஃபேரிங் (முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் பிளாஸ்டிக் கவர்) போட்ட 390 சி.சி. வண்டி, லிக்விட் கூல்டு. காளவாசல் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே வலது தொடை பொசுங்குகிறது. கவரைக் கழற்றிவிட்டால் இன்ஜினில் காற்று படும், சூடு குறையும் என்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். கழற்றலாமா அண்ணே?
– வாசகர், மதுரை

கழற்றாதீர்கள் தம்பி. இந்த யோசனையைக் கேட்டுக் கவரையெல்லாம் பரணில் போட்டவர்களின் வண்டிகளை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கால் சூடு ஒன்றில்கூடக் குறையவில்லை. இரண்டு வண்டிகளில் நான்குவழிச் சாலையில் கூலன்ட்டின் (இன்ஜினைச் சுற்றி ஓடி அதை ஆற்றும் திரவம்) சூடு முன்பைவிட ஏறியது.

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் வண்டியை ஓட்டுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு சைலன்சரில் போய்விடும். இன்னொரு பகுதியைக் கூலன்ட் வாங்கிக்கொண்டு வந்து ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்கும். அந்தக் காற்று ரேடியேட்டருக்கு முன்னால் வந்து மோதினால் மட்டும் போதாது, பின்னால் வெளியேறவும் வழி வேண்டும். வாசலைத் திறந்துவைத்துக் கொல்லைக் கதவைச் சாத்திய வீட்டில் காற்று ஓடுமா? ஃபேரிங்கின் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி வெட்டு இருக்கிறதே, அதுதான் கொல்லைக் கதவு. வண்டி ஓடும்போது பக்கவாட்டில் பாயும் காற்று அங்கே ஓர் இழுவையை உண்டாக்கி, வெந்த காற்றை உங்கள் முட்டிக்கு வெளிப்பக்கமாக உறிஞ்சிக்கொண்டு போகும். கவரைக் கழற்றினால் அந்த இழுவை போய்விடும். முன்னால் வரும் காற்றும் ரேடியேட்டருக்குள் நுழையாமல் அதன் ஓரங்களில் நழுவிவிடும். உள்ளே நுழைந்து வெந்து வருகிற காற்று நேராக உங்கள் மேல்தான் அடிக்கும்.

சிக்னலில் நடப்பது வேறு. நிற்கிற வண்டியில் இழுவையே கிடையாது. கூலன்ட் கிட்டத்தட்ட 100 டிகிரியைத் தொட்டதும் ஃபேன் ஓடத் தொடங்கும். வண்டிக்கு வண்டி சில டிகிரி முன்பின் இருக்கலாம். ரேடியேட்டரின் சூட்டை அது அப்படியே பின்பக்கம் தள்ளும், பின்னால் இருப்பது உங்கள் கால். இது பழுதில்லை. ஃபேன் ஓடவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். போதாததற்கு, 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டரைப் பலவற்றில் இன்ஜினை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். அது நன்றாகக் காய்ந்தால்தான் வேலையே செய்யும் என்பதால் காலுக்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பு சேர்ந்துவிட்டது.

அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். வலது பக்கக் கவரைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே வெள்ளிக் காகிதம் போர்த்திய பஞ்சு ஒன்று ஒட்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியை வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் வேலைக்கு விட்டு எடுத்து வந்தேன். விருதுநகர் தாண்டும் முன்பே வலது கெண்டைக்கால் எரிய ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கவரைத் திறந்தால் பஞ்சு இருந்த இடத்தில் காய்ந்த பசைத் தடம்தான் இருந்தது. கழன்று வந்ததைத் திரும்ப ஒட்டச் சோம்பல்பட்டுத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். ரேடியேட்டர் ஓரத்தில் இருக்க வேண்டிய ரப்பர் பட்டையும் இல்லை. கீழ்ப்பக்கம் இரண்டு கிளிப் போடாமல் விட்டதில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கவர் விலகி நின்றது. வெந்த காற்றுக்குச் செவுள் வழியாகப் போவதைவிட அந்த இடுக்கு வழியாக என் காலுக்கு வருவது சுலபமாக இருந்திருக்கிறது. பசையுள்ள அலுமினிய வெப்பத் தடுப்பு ஷீட் வாங்கி, அந்தத் தடத்தின் அளவுக்கே வெட்டி ஒட்டி, ரப்பரும் கிளிப்பும் மாட்டினேன். எரிச்சல் போய்விட்டது.

ஆகையால் கவரைக் கழற்றும் முன் அதில் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸுக்கு விடும்போது உள்பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க வரும்போது அந்தப் படம் கையில் இருந்தால் பேச்சே தேவைப்படாது.

தேனி போகும் வழியில் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. கூட வந்தவன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான், நான் தடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் என்னதான் செய்வது?
– வாசகர், உசிலம்பட்டி

அவர் முகத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்திப் பிடித்திருப்பதால்தான் 120 தாண்டினாலும் அது கொதிக்காமல் நிற்கிறது. விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அதேதான். மூடி அசைந்த நொடியில் மொத்தமும் கொதித்துப் பீறிட்டு மேலே அடிக்கும். துணியைப் போட்டுத் திருகினாலும் கை வெந்துபோகும்.

ஓரமாக நிழலில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்தபின் சாவி போட்ட நிலையில் ஃபேன் ஓடினால், அது தானாக நிற்கும்வரை ஓடட்டும். முக்கால் மணி நேரம் பொறுங்கள். அதுவரை பக்கத்தில் இருக்கும் சின்ன ரிசர்வ் டப்பாவில் அளவைப் பாருங்கள், அதைப் பார்க்க எதையும் திறக்க வேண்டியதில்லை. குறைந்திருந்தால், வண்டி ஆறியபின் கூலன்ட் ஊற்றுங்கள், கையில் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்தில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதும் கூடாது, உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடலாம்.

இன்னொன்று. மேடு ஏறும்போது நாலாவது கியரில் வண்டியை முக்கவிடாதீர்கள். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், குறைந்தால் சத்தம் குறையும், அதை வைத்து இன்ஜினுக்கு வேலை குறைவு என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதே இன்ஜின்தான். ஆர்பிஎம் விழுந்தால் கூலன்ட் ஓட்டமும் விழும், சுமை மட்டும் அப்படியே இருக்கும். போடிமெட்டோ வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலோ, ஒரு கியர் குறைத்து இன்ஜினை லேசாகச் சுற்றவிட்டு ஏறுங்கள்.

350 சி.சி. ஏர் கூல்டு வண்டி, கூலன்ட் கிடையாது, காற்றுதான் ஆற்றும். வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஆயில் போட்டால் சூடு குறையும் என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், மேலூர்

குறையாது. இரண்டாவது எண்ணான 50, 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் காட்டுவது. கெட்டி ஆயில் ஊற்றினால் சூடு தணியும் என்ற கணக்கு அதில் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். அளவை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள், ஏர் கூல்டு இன்ஜினில் சூட்டைச் சுமப்பதில் ஆயிலுக்குப் பெரிய பங்கு. டப்பாவில் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்க வேண்டும், பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான முத்திரை அது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவலாம், நழுவினால் அதுவே ஒரு சூடு.

அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் மாட்டிக்கொண்டால் இன்ஜினை அணைத்துவிட்டு நில்லுங்கள். காற்றே படாத இடத்தில் ஏர் கூல்டு வண்டியை ஐடிலில் விடுவது அதை வறுப்பதற்குச் சமம்.

ராமேஸ்வரம் வரை போய்வரத் திட்டம். 41 டிகிரி வெயிலில் ஜாக்கெட் போட்டால் செத்துப்போவோம், டீ-சர்ட்டில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், திருப்பரங்குன்றம்

இந்தக் கேள்வியை வண்டிக் கேள்விகள் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். இன்ஜினுக்குக் கூலன்ட் விளக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வேகமாகப் போகப் போகச் சுகமாக இருக்கும். 41 டிகிரி காற்று தோலைவிடச் சூடு. அதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போவது சுகமான காற்றில் போவதல்ல, அனலை உடம்பு முழுக்க ஊதிக்கொள்வது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். டீ-சர்ட்டில் அது தோலுக்கு வந்த நொடியே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, தண்ணீர் வேண்டாம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். பாலைவனத்தில் இருக்கிறவர்கள் உடம்பை முழுக்க மூடித்தான் நடக்கிறார்கள்.

ஆகவே வலைத்துணி ஜாக்கெட் போடுங்கள், விழுந்தாலும் தோல் மிஞ்சும். உள்ளே பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போடுங்கள். கழுத்தில் ஈரிழைத் துண்டை நனைத்துச் சுற்றி, நுனி பறக்காமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். மானாமதுரை, பரமக்குடி வரை இது அருமையாக வேலை செய்யும். ராமநாதபுரம் தாண்டிக் கடல்காற்றில் ஈரம் ஏறியபின் துணி லேசில் காயாது, குளிர்ச்சியும் குறையும். அங்கே ஓய்வைக் கூட்டுங்கள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயில் உறைக்கும் முன் பாம்பன் பாலத்தில் நிற்கலாம். திரும்புவது மாலை நாலுக்குப் பிறகு. வழியில் நுங்கு, உப்புப் போட்ட நீர்மோர், ஓஆர்எஸ் கரைசல் எது கிடைத்தாலும் மணிக்கு ஒருமுறை நிறுத்திக் குடியுங்கள்.

கூட வருகிறவர் பேச்சு குழறினாலோ, நிலைதடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ பயணம் அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

உயரமான விண்ட்ஷீல்டு மாட்டியதிலிருந்து நெஞ்சுப் பக்கம் புழுக்கமாக இருக்கிறது.
– வாசகி, கே.கே. நகர்

அதன் பின்னால் காற்று தேங்குகிறது, அம்மா. மழைக்கும் மார்கழிப் பனிக்கும் அது சரி. சித்திரை, வைகாசிக்குப் பழைய குட்டை வைசரையே மாட்டுங்கள், சில திருகுகள்தான். கழற்றியதைத் துடைக்கப் பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விழுந்து மங்கிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

சைலன்சரின் பெண்ட் பைப்பில் துணிப்பட்டை சுற்றினால் சூடு தெரியாதாமே?
– வாசகர், திருமங்கலம்

காலுக்குத் தெரிவது குறையும், உண்மைதான். ஆனால் மழையிலும் வாட்டர் வாஷிலும் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும், இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். நான் சுற்றமாட்டேன். அதே காசுக்குத் தகட்டுக் கவசம் மாட்டுங்கள்.

வாட்டர் வாஷ் செய்தபிறகுதான் வண்டி அதிகம் சூடாகிறது. இது என் பிரமையா?
– வாசகர், திண்டுக்கல்

பிரமை இல்லை. கிட்டத்தில் வைத்து பிரஷர் கன்னால் அடித்திருப்பார்கள். ரேடியேட்டரின் இதழ்கள் தகரத்தைவிட மெல்லியவை, மடங்கிப் படுத்துவிடும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், தேன்கூடு மாதிரி தெரிய வேண்டிய இடம் தேய்த்த சுவர் மாதிரித் தெரிந்தால் அதுதான் காரணம். மெல்லிய தட்டையான குச்சியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம், அரை நாள் வேலை. இனிமேல் தோட்டத்து ஹோஸில் மெதுவாக, பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள், பூச்சியும் மண்ணும் வந்த வழியே போகும். பூச்சிக்குப் பயந்து கொசுவலை மாதிரி நெருக்கமான கார்டு மாட்டாதீர்கள், காற்றும் நின்றுவிடும். கிராஷ் கார்டில் முன்பக்கம் பை கட்டுகிறவர்களுக்கும் இதுவே.

வெயிலில் டேங்க்கை முட்ட நிரப்பலாமா?
– வாசகர், சிவகங்கை

வேண்டாம். ஒவ்வொரு டிகிரிக்கும் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வருகிற 15 லிட்டர், வெயிலில் 20 டிகிரி ஏறினால் கால் லிட்டருக்கு மேல் கூடுதல் இடம் கேட்கும். புதிய வண்டிகளில் அது ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். பம்ப்பில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வரை ஓட்டுவதும் நல்லதில்லை, டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பை ஆற்றுவது அந்தப் பெட்ரோல்தான்.

பின்னால் உட்கார்ந்து வந்த மனைவிக்குச் சைலன்சர் பட்டுக் கணுக்காலில் கொப்புளம். பேஸ்ட் தடவினோம்.
– வாசகர், வாடிப்பட்டி

பேஸ்ட், பேனா மை, ஐஸ்கட்டி எதுவும் கூடாது. பட்ட உடனே ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டியிருக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல், இன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சைலன்சரின் வெப்பத் தகடு ஆடுகிறதா என்று பாருங்கள், உட்காருகிறவருக்குக் கணுக்கால் மூடும் ஷூ வாங்கிக் கொடுங்கள்.