தள்ளவா, தட்டவா?

அன்புள்ள ஐயா,

உடன் வேலை பார்க்கும் சீன நண்பர் என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் ‘துய்ச்சியாவ்’ செய் என்றார். அகராதியில் ‘தள்ளு, தட்டு’ என்று இருக்கிறது. எழுத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாற்பது வயதில் சீனம் கற்க முடியுமா? ஒரு கவிதையும் இணைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் வந்தது, ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.
ர.

அன்புள்ள ர.,

கற்கலாம், தாராளமாக.

தாங் காலத்துக் கவிஞர் ஜியா தாவ் (779–843), முன்பு துறவியாக இருந்தவர். ‘பறவை குளக்கரை மரத்தில் அடைந்தது, துறவி நிலவொளியில் கதவைத்…’ என்று எழுதிவிட்டு, தள்ளினானா தட்டினானா என்று முடிவு செய்ய முடியாமல், கழுதைமேல் உட்கார்ந்து கையால் தள்ளியும் தட்டியும் பார்த்துக்கொண்டே போய், தலைநகர அதிகாரி ஹான் யூவின் பரிவாரத்தில் மோதினார் என்பது கதை. ஹான் யூவும் பெரிய எழுத்தாளர். தண்டிக்காமல் தானும் நின்று யோசித்து, “தட்டினான்தான் நல்லது” என்றாராம். சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதற்கு அதுவே பெயராகிவிட்டது. தமிழில் தள்ள, தட்ட என்று இன்னும் நெருக்கம், பாருங்கள்.

ஆனால் எனக்கு ஹான் யூ கட்சி இல்லை. இருபதாம் நூற்றாண்டில் சீன அழகியல் அறிஞர் ஜூ குவாங்சியென் ‘தள்ளினான்’ பக்கம் பேசினார். தள்ளினால், அவனே சாத்திவிட்டுப் போன கதவு, அவன் தனியாள். தட்டினால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி. அப்பாவுக்கு மில்லில் இரண்டாம் ஷிப்ட். அம்மா தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைத்திருப்பாள். அவர் கதவை லேசாகத் தூக்கித் தள்ளுவார். தூக்காவிட்டால் கீல் கத்தும், நாங்கள் விழித்துக்கொள்வோம். உள்ளே ஆள் இருந்ததால்தான் தள்ளினார். தட்டியது ஒரே ஒரு இரவு. அன்று காலை இருவருக்கும் சண்டை. மூன்று தட்டு. அம்மா விழித்துத்தான் இருந்தாள், எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்த் திறந்தேன்.

சரி, உங்கள் கவிதை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை என்பதில் என்ன பெருமை ஐயா? இரண்டு வரிக்கு மூன்று ஆண்டு ஆயிற்று என்று அழுதவர் ஜியா தாவ். உங்களை அத்தனை கேட்கவில்லை. மூன்றாவது வரியில் ‘கதவு திறந்தது’ என்கிறீர்கள். தானாகவா? தாழ்ப்பாள் போட்டிருந்ததா, இல்லையா? முதலில் அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.