ஃபிட்டர் படிக்கட்டும், மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: நான் கட்டட வேலைக்குப் போகிறவள். என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், 368 மார்க். வரும் நவம்பரில் பதினாறு முடிகிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சட்டி சுமந்து எனக்கு முப்பத்தெட்டு வயதிலேயே கழுத்தும் முட்டியும் போய்விட்டன. அவளாவது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகட்டும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் பிரிவு ஒரு வருஷம் போதும் என்கிறார் என் அண்ணன். பெண் உடம்புக்கு இரும்பு வேலை தாங்குமா? ஃபிட்டர் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா? (விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம், அதை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், மார்க் ஷீட்டும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அரசு ஐ.டி.ஐ. சீட்டை யாரும் யாருக்கும் வாங்கித் தர முடியாது. ஆன்லைனில் விண்ணப்பம், கட்டணம் 50 ரூபாய், மார்க் வாரியாகத் தரவரிசை, கலந்தாய்வு, அவ்வளவுதான். பயிற்சிக் கட்டணமே கிடையாது, சேரும்போது சில நூறு ரூபாய் கட்டினால் போதும். பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நான் அரசு ஐ.டி.ஐ.யில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர் பிரிவில், அதாவது இயந்திரப் பாகங்களை ராவிப் பொருத்தக் கற்றுத்தருகிற பிரிவில், பயிற்றுநராக இருந்தேன். ஒரு யூனிட்டுக்கு இருபது பேர் கணக்கு. அதில் பெண்களுக்கான இடம் பெண்களாலேயே நிரம்பிய வருஷம் என் நினைவில் இல்லை. காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கு உங்களிடம் 25,000 ரூபாய்க்கு டிக்கெட் விற்கப் பார்க்கிறார் அந்த மனிதர்.

அவர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் மகள் பெயரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அதே 50 ரூபாயைக் கட்டி விண்ணப்பிப்பார். 368 மார்க்குக்குத் தானாகவே இடம் கிடைத்தால், "பாத்தீங்களா, சொன்னேன்ல" என்பார். கிடைக்காவிட்டால் தனக்குக் கமிஷன் தருகிற ஏதாவது ஒரு தனியார் இடத்தில் கொண்டுபோய் விடுவார். மார்க் ஷீட் அங்கே பீரோவுக்குள் போய்விடும். நாலு மாதம் கழித்துப் பிடிக்கவில்லை, வேறு இடம் போகிறோம் என்றால் இரண்டு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் மார்க் ஷீட் வெளியே வரும். எங்கள் வாசல் டீக்கடையில் ஜூன் மாதமானால் இப்படி மூன்று பேர் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை, நான் அங்கே வேலை பார்க்கிறவன் என்று தெரியாமல் என்னிடமே சீட் விற்க வந்தார் ஒருவர்.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இரும்பு வேலை பெண்ணுக்குத் தாங்குமா என்று கேட்பது யார் என்று பார்த்தேன். தலையில் சும்மாடு வைத்து, கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிற ஒருவர். நீங்கள் வேலை செய்கிற இடத்தில் கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் யார் கையில் இருக்கின்றன? சட்டி யார் தலையில் இருக்கிறது? சாயங்காலம் கூலி யாருக்கு அதிகம்? கையாளாக வந்த பையன் நாலைந்து வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு வந்த சித்தாள் இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். கனத்தைப் பெண்ணிடம் கொடுப்பதில் நம் ஊருக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. கருவியைக் கொடுக்கத்தான் கை வராது. உங்கள் கழுத்தைக் கெடுத்தது தொழில் கற்றுத்தராத சுமை வேலை. உங்கள் மகள் கேட்பது கருவி பிடிக்கிற வேலையை.

தோள்பலம், கைப்பலம் சராசரியாக ஆணுக்கு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபிட்டர் படிப்பின் முதல் சில மாதங்களில் என்ன செய்வார்கள்? ஒரு இரும்புப் பட்டையை மேசையில் பொருத்திய பிடிப்பானில், அதாவது பெஞ்ச் வைஸில், இறுக்கி, அரத்தால் ராவி, மட்டமாக்கி, மூலைமட்டம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இடையில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. அளப்பது வெர்னியர் காலிப்பரில். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்குவரை அது காட்டும். இதற்குப் பொறுமையும் நின்ற நிலையும் வேண்டும். பயில்வான் தேவையில்லை. கனமான பாகத்தைத் தூக்க ஃபேக்டரியில் செயின் புல்லியும் ஹாய்ஸ்டும் இருக்கின்றன. ஆணானாலும் தோளில் தூக்கிக்கொண்டு திரிவதில்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் என் பிரிவில் ஒரே ஒரு பெண். குள்ளமான பிள்ளை. மூன்றாம் நாளே தோள் பிடித்துக்கொண்டது, ராவிய பட்டை நடுவில் மேடு தட்டியது. டிரேடு மாற்றிக்கொள்ளம்மா என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். பட்டறையில் உதவியாளராக இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் போய், பேக்கிங் பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டார். வைஸின் வாய் நிற்கிறவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானே கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மேசைகளைப் போட்டவர்கள் ஐந்தரை அடிப் பையனை மனதில் வைத்துப் போட்டிருந்தார்கள். வைஸ் உயரமாக இருந்தால் உடம்பின் பாரம் அரத்தின் மேல் இறங்காது, தோள்தான் எல்லாவற்றையும் தள்ள வேண்டியிருக்கும். பலகை வந்த பிறகு அந்தப் பெண்ணின் பட்டை ஒரு வாரத்தில் மட்டமாகிவிட்டது. அதே வரிசையில் நின்ற குள்ளமான பையன்கள் இருவருக்கும் பலகை கேட்க வெட்கம். அவர்கள் தோள்வலியை யாரும் ஆண் உடம்பின் குறை என்று சொல்லவில்லை.

இனி, உட்கார்ந்து பார்க்கிற வேலை. உங்கள் அண்ணன் சொல்லும் கம்ப்யூட்டர் பிரிவு கெட்ட படிப்பு அல்ல. ஆனால் அந்த ஒரு வருஷச் சான்றிதழோடு சின்ன ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜவுளிக்கடை பில்லிங், மருந்துக்கடை, டேட்டா என்ட்ரி. அங்கே உட்காரவாவது விடுவார்களா? கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. பத்து மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்ட பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஃபேன் இருக்கும், அது உண்மை.

பட்டறையில் நிஜமாகவே பயப்பட வேண்டியது துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல். டிரில்லிங் மெஷின் சுற்றும்போது இவற்றில் ஒன்று மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். முடியை மடித்துக் கட்டித் தொப்பி, உடம்போடு ஒட்டிய சட்டை, ஷூ, கண்ணாடி. பையன்களின் கோயில் கயிறும் மோதிரமும் அதே ஆபத்துதான். கையுறை போட்டால் பத்திரம் என்று நினைத்து மெஷின் முன்னால் போட்டுவிடப் போகிறாள், சுற்றுகிற மெஷினில் கையுறை கூடாது.

உங்கள் மகள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வயது. பதினெட்டு நிறையாதவர்களை அபாயகரமான தொழிலில் அமர்த்தக் கூடாது என்பது சட்டம். கம்பெனியில் தொழில் பழகச் சேருகிறவர்களுக்கான அப்பரன்டிஸ் சட்டத்திலும் குறைந்தபட்ச வயது பொதுவாகப் பதினான்கு, ஆனால் அபாயகரமான தொழிலென்றால் பதினெட்டு. நடைமுறையில் பெரிய கம்பெனிகள் எந்த வேலையாக இருந்தாலும் பதினெட்டு முடிந்ததா என்றுதான் முதலில் பார்க்கும். இப்போது கணக்குப் போடுங்கள். நவம்பரில் பதினாறு முடிகிறவள் ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தால் வெளியே வரும்போது பதினாறேமுக்கால். கம்ப்யூட்டர் பிரிவும் ஒரு வருஷம், வெல்டரும் ஒரு வருஷம், இரண்டுக்கும் இதே கதிதான். ஒன்றேகால் வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். அந்த ஒன்றேகால் வருஷத்தில்தான் உறவுக்காரர்கள் மாப்பிள்ளை ஜாதகத்தோடு வருவார்கள். ஏஜெண்டும் வருவான். பிறந்த தேதியை ஆதாரில் மாற்றித் தருகிறேன், இல்லையென்றால் வேறு யாருடைய சான்றிதழிலாவது உள்ளே அனுப்புகிறேன் என்பான். அப்படி உள்ளே போன பிள்ளைக்குக் கை நசுங்கினால் இழப்பீடு கேட்கப் பெயரே இருக்காது. ஃபிட்டர் இரண்டு வருஷம். முடிக்கும்போது பதினேழேமுக்கால். தேர்வு முடிவு வந்து சான்றிதழ் கைக்கு வருவதற்குள் பதினெட்டு நெருங்கிவிடும். இரண்டு வருஷப் படிப்பு என்று உங்கள் அண்ணன் குறையாகச் சொல்வது அவளுக்கு நிறை.

இரண்டு வருஷத்துக்கு வேறு லாபமும் உண்டு. தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். படிக்கும்போது அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இரும்பும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும் என்றால் அரசு 71 ஐ.டி.ஐ.களில் அமைத்த புது மையங்களில் சி.என்.சி. பிரிவு, அதாவது கம்ப்யூட்டர் இயக்குகிற மெஷின்களுக்கான பிரிவு, இருக்கிறது, அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

தனியார் ஐ.டி.ஐ. தவிர வழியில்லை என்றால் ஒரே ஒரு சோதனை. மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம், என்.சி.வி.டி. என்பார்கள், நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. வாசலில் பெரிய எழுத்தில் அங்கீகாரம் என்று போட்டிருப்பார்கள். உள்ளே எலெக்ட்ரீஷியனுக்கு இருக்கும், ஃபிட்டருக்கு இருக்காது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் பெயரைச் சொல்லி, ஃபிட்டருக்கு உண்டா என்று கேளுங்கள். ஃபோனில் கேட்டால் 'சார் மீட்டிங்ல இருக்கார்' என்பார்கள், நேரில் போங்கள்.

படிப்பு முடிந்ததும் ஏஜெண்ட் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவான். இப்போது பெயர் கான்ட்ராக்டர். ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்பான். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து நூல் மில்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனது இந்தப் பேச்சைச் சொல்லித்தான். மொத்தப் பணம் என்று யார் சொன்னாலும் வேண்டாம். அப்பரன்டிஸ் என்றால் அரசு போர்ட்டலில் பதிவான ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். காட்ட முடியாதவர் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நைட் ஷிஃப்டுக்குப் பெண்ணை எடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே அதைச் செல்லாது என்றுவிட்டது. இப்போது அவள் சம்மதம் கட்டாயம். சம்மதம் என்றால் அவளே விரும்பிக் கொடுப்பது, வேலைக்குச் சேரும்போது அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது அல்ல.

பெண்கள் ஏன் மெக்கானிக் பிரிவுகளுக்கு வருவதில்லை என்று வருஷாவருஷம் மேலேயிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நானும் வருஷாவருஷம் ஒரே பதில் எழுதினேன். பட்டறைக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அலுவலகக் கட்டடம்வரை நடக்க வேண்டும். சேஃப்டி ஷூ ஏழாம் நம்பரில்தான் ஆரம்பிக்கிறது. பெண் பிள்ளைகள் உள்ளே பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டார்கள். பதிலாக, விழிப்புணர்வுப் பேரணி நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. பேனரில் ஒரு பெண், கையில் ஸ்பேனர், தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் கழிப்பறை வந்தது, தண்ணீர் இணைப்பு அடுத்த வருஷம்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலைநாளில் மகளோடு பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போங்கள். அங்கேயே உதவி மையம் இருக்கும், விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். மார்க் ஷீட் ஒரிஜினலைக் காட்டுங்கள், பார்த்ததும் வாங்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள், கொடுப்பது ஜெராக்ஸ் மட்டும். கழிப்பறை எங்கே என்று நீங்களே கேட்டு நடந்து பாருங்கள். அப்புறம் ஃபிட்டர் பட்டறையில் மகளை ஒரு வைஸ் முன்னால் நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். வைஸ் அதைவிட மேலே இருந்தால் பயிற்றுநரிடம் ஒரு பலகை கேளுங்கள். இல்லையென்று கையை விரித்தால் விட்டுவிடுங்கள், உங்கள் சைட்டில் ஒரு சென்ட்ரிங் பலகைத் துண்டு கிடைக்காதா என்ன.