இ.இ.இ. படிக்கும் மகளுக்குக் கணக்குப் பிடிக்கிறதா? அதை விட்டுவிடாதீர்கள்

அம்மா, மகள் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு, கணக்கில் கெட்டி, ஆனால் கரண்ட் படிப்புக்கு வேலையே இல்லை என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதால் அவளைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அவளுக்கு வரும் அந்தக் கணக்குக்கே மின்துறையில் வேலை இருக்கிறது.

மின்சாரத்தின் தேவையும் உற்பத்தியும் நொடிக்கு நொடி ஒத்துப்போக வேண்டும். அதற்காக நம் நாட்டில் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பகுதிகளாகப் பிரித்து, எந்த நிலையம் எப்போது எத்தனை மெகாவாட் தர வேண்டும் என்று முந்தின நாளே திட்டம் போடுகிறார்கள். மலிவான நிலையத்திலிருந்து வரிசையாக எடுத்தால் முடிந்ததே என்று தோன்றும். முடியாது. அனல்மின் நிலையத்தை நினைத்த நேரத்தில் நிறுத்தி நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடேற்ற மணிக்கணக்காகும், எண்ணெய்ச் செலவு வேறு. ஆக ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது நிலையத்திலுள்ள ஒவ்வொரு மின் உற்பத்தி இயந்திரத்துக்கும், ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டும், 100 யூனிட் என்றால் ஒரே ஒரு பகுதிக்கே 2-இன் 100ஆம் அடுக்கு வாய்ப்புகள், எந்தக் கணினியாலும் அத்தனையையும் எண்ணிப் பார்க்க முடியாது என்பதால்தான் மிக்ஸ்ட் இன்டிஜர் புரோகிராமிங் (ஓடுவதா நிற்பதா என்ற முடிவையும் எத்தனை மெகாவாட் என்பதையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போடுவது) போன்ற முறைகள் வந்தன.

செலவு ஒரு பக்கம் என்றால், பாதுகாப்பு இன்னொரு பக்கம். மின்சாரத்தைக் கொண்டுபோகும் ஒரு லைன் திடீரென்று போனாலும் மற்றவை தாங்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் பினா-குவாலியர் 400 கிலோவோல்ட் லைன் துண்டிக்கப்பட்டதில்தான் வட இந்திய மின்தொகுப்பின் சரிவு தொடங்கியது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதிகள் இருண்டன. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அன்று அதனோடு ஒரே தொகுப்பாக ஒத்திசைந்து இணையவில்லை, 2013 டிசம்பர் 31-இல்தான் இணைந்தது. 2019 ஏப்ரலில் டெல்லியிலுள்ள தேசிய மின்பகிர்வு மையம், லைன்களின் வரம்பை மீறாமல் மொத்தச் செலவைக் குறைக்கும் முறையைச் சோதனையாகத் தொடங்கியது. நம் பக்கத்துக் காற்றாலையும் சோலாரும் பெருகப் பெருக இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும், இதைப் போடத் தெரிந்தவர்களும் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பைத்தான் படிக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதில் ஐ.இ.இ.இ. 14 பஸ் மாதிரியை (14 இணைப்பு முனைகள் கொண்ட, பயிற்சிக்கான சிறிய மின்தொகுப்பு) எடுத்து லோட் ஃப்ளோ, அதாவது எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்ற கணக்கை, போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்டிமைசேஷன் (இருக்கும் வரம்புக்குள் சிறந்த விடையைக் கண்டுபிடிக்கும் கணக்கு) விருப்பப் பாடமாக இருந்தால் அதையே எடுக்கட்டும். கேம்பஸில் இந்த வேலை அதிகம் வராது, பெரும்பாலும் எம்.டெக். வழியாகத்தான் போக வேண்டும், அதையும் மறைக்க விரும்பவில்லை. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பொதுத்துறை வேலைக்கு மட்டும் எந்த ஆண்டு மதிப்பெண் கேட்கிறார்கள் என்று அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.