சார்ஜ் நிறைந்தும் டிரோலிங் மோட்டார் தளர்கிறது: பேட்டரியை மாற்றணுமா?

சிங்கப்பூரில் சாங்கியிலிருந்து உபின் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போகும்போது பாதியிலேயே டிரோலிங் மோட்டார் (படகை மெதுவாக ஓட்டும் சின்ன மின்மோட்டார்) தளர்கிறது, புது டீப் சைக்கிள் பேட்டரி (நீண்ட நேரம் சீராக மின்சாரம் தரும் வகை) வாங்கணுமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினாலோ, கரைக்கு வந்தும் சார்ஜ் போடாமல் நாள்கணக்கில் வைத்தாலோ உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து இறுகிவிடும். பல பேட்டரிகள் சாவது இதனால்தான். அதனால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் திரும்பிய அன்றே சார்ஜ் போடுங்கள்.

மூடி திறக்கும் வகையா? சார்ஜ் முடிந்த பிறகு காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூர் வெக்கையில் நீர் சீக்கிரம் வற்றும், மாதம் ஒருமுறையாவது பாருங்கள். டெர்மினலில் (வயர் மாட்டும் முனையில்) உப்புப் பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து வாசலின் தடவுங்கள்.

முழு சார்ஜுக்குப் பிறகும் 12.4 தாண்டவில்லை, அல்லது மோட்டாரை ஓட்டியதுமே சரசரவென இறங்குகிறது என்றால், சரி, மாற்றிவிடுங்கள். இரண்டை இணைத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுக்கும். லித்தியத்துக்குப் போனால் அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.