தமிழில் முனைவர் பட்டம்: கோத்தகிரி அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா, பச்சைத் தேயிலை விலையை நம்பி மகளை இன்னும் ஆறு வருஷம் படிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கைக்காசு போட்டு வைக்கவும் வேண்டாம்; உதவித்தொகையோடு முனைவர் பட்டம் படிக்கட்டும். எம்.ஏ. தமிழ் முடித்த உங்கள் மகள் முதலில் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது; மொத்தம் 150 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. வயது முப்பதைத் தாண்டக் கூடாது. சில பிரிவினருக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. உதவித்தொகை இல்லாமல் அவசரப்பட்டு எங்காவது பகுதி நேரமாகப் பதிந்துவிடாதீர்கள்.

அடுத்தது தலைப்பு. 'தற்காலப் புதினங்களில் பெண்ணியம்' மாதிரி ஏதாவது எடுக்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்களாம். அப்படிப்பட்ட ஆய்வேடுகள் நூலகங்களில் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கின்றன. தேயிலைத் தோட்டத்துப் பாட்டுகளை ஆராய வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதுதான் சரி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்காக அரசு 1968-இல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அந்த மக்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் இந்தப் பாட்டுகளை அந்த ஊர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்திருக்கிறார். கடல் தாண்டி இங்கே வந்தபின் அவற்றில் எது நின்றது, எது மாறியது, தொழிலாளர்களை மேற்பார்வை பார்த்த கங்காணியைத் திட்டிய வரிகள் இப்போது யாரைத் திட்டுகின்றன என்று கேட்டாலே ஒரு ஆய்வேடு தேறும். சென்னையிலிருந்து வருகிறவர் லாட்ஜ் போட்டுத் தங்கிச் செய்ய வேண்டிய வேலையை உங்கள் மகள் பஸ் ஏறிப் போய்ச் செய்துவிடலாம். பாட்டு தெரிந்த பாட்டிகளுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் விஷயத்தில் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியர் எட்டு ஆய்வு மாணவர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் எடுக்கலாம். இடம் காலியா என்று முதலிலேயே கேளுங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்றும் விசாரியுங்கள். அவரைவிட அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

வேலைக்கு வருவோம். அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் அறிவிப்பு வருஷா வருஷம் வராது. கௌரவ விரிவுரையாளர் சம்பளமும் பெரிதாக இருக்காது. அதனால் பி.எட். படிப்பையும் முடித்துவைக்கச் சொல்கிறேன்; முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத வழி இருக்கும். மாப்பிள்ளை பார்ப்பது பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது என் இலாகா இல்லை, மகளிடமே கேளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யட்டும். கொழுந்து பறிக்கும் நாளில் யாருக்கும் நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு லைன் வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, இரண்டு மூன்று பாட்டுகளைப் போனில் பதிவு செய்து, எழுத்தில் எடுத்து ஒரு பக்கக் குறிப்போடு என்னிடம் கொண்டுவரட்டும். நெறியாளருக்கு அனுப்பும் கடிதத்தை அதை வைத்தே எழுதிவிடலாம்.