கர்னாடக வயலினில் ஐரிஷ் ஜிக்: நடுக் கம்பிகளில் விரல் தவறுவது ஏன்?

கர்னாடக வயலினில் ஐரிஷ் நடன மெட்டான ஜிக்கை வாசித்தால், நடுக் கம்பிகளில் மட்டும் விரல் தடுமாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு உங்கள் விரலில் இல்லை, சுருதி சேர்ப்பில் இருக்கிறது. தடித்த நான்காம் கம்பியிலிருந்து எண்ணினால், நம் ஸ-ப-ஸ-ப சேர்ப்பில் மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் நடுவே ஸ-ம இடைவெளிதான். ஐரிஷ் பிடிலில் மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஜி-டி-ஏ-இ. அடுத்தடுத்த கம்பிகள் எல்லாமே ஸ-ப. அதனால்தான் மெட்டு நடுக் கம்பிகளைத் தாண்டும்போது மட்டும் நீங்கள் சொன்ன தடுமாற்றம் வருகிறது.

ஜி-டி-ஏ-இ சேர்ப்புக்கு மாற்றிய பின் சோதித்துப் பாருங்கள்: மூன்றாம் கம்பியின் வெற்று ஒலியை ஸ என்று வைத்து, அதில் நான்காம் விரலால் பஞ்சமம் பிடித்தால், அது இரண்டாம் கம்பியின் வெற்று ஒலியோடு ஒன்ற வேண்டும். மூன்றாம் விரலில் சுத்த மத்யமத்திலேயே ஒன்றினால் இன்னும் பழைய சேர்ப்புதான்.

ஒரு எச்சரிக்கை. சுருதியை இறக்கி வாசித்துப் பழகிய கம்பிகளை அப்படியே முறுக்கி ஏற்றாதீர்கள். முதல் கம்பி அறுந்துவிடும், கம்பிகளைத் தாங்கும் குதிரை சாயும். புது ஜி-டி-ஏ-இ செட்டை ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி விழலாம். சென்னை மழைக்காலத்தில் கம்பியை முறுக்கும் பிரடை ஊதி இறுகும், வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம். முடிந்தால் இதற்கென்று இரண்டாவது வயலின் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடை. ஜிக் 6/8, அதாவது தகிட தகிட. மூன்றையும் சமமாக வாசித்தால் திஸ்ர நடைப் பாடம் போலக் கேட்கும். 'த'வில் சற்றே சாய்ந்து, 'கி'யைக் குறுக்குங்கள். கமகத்தை ஒதுக்கிவிட்டு, 'கட்' என்ற அலங்காரத்துக்கு மேல் விரலைக் கம்பியில் தொட்டதும் எடுத்துவிடுங்கள். அது தனி ஸ்வரமாகக் கேட்கக்கூடாது.

கச்சேரி இல்லாமல் ஒரு வருடம் வில்லையே தொடாதவர் மறுபடி எடுத்திருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம், ஒரே ஜிக்கை இரண்டு வாரம் மெதுவாக வாசியுங்கள்.