‘அடுத்த கிழமை வாங்க’ என்று கடைக்காரர் இழுத்தடித்தால்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். தீபாவளி முற்பணத்தோடு சீட்டுக் காசையும் போட்டு அட்டனில் ஒரு டிவி வாங்கினோம். ஒரு வருட வொறண்டி. 40 நாளில் படம் போய்விட்டது. டிவியையும் வொறண்டி அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, “கொழும்புக்கு அனுப்பியிருக்கோம், அடுத்த கிழமை வாங்க” என்கிறார்கள். நான்கு தடவை போய் வந்துவிட்டேன். ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லில் வேறு அடித்திருக்கிறது. வாங்கி 70 நாளாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கலண்டரைப் பாருங்கள் அக்கா. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் முறைப்பாடு செய்ய வேண்டும். அதுவும் எழுத்தில். பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய 20 நாள்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் கொடுத்துப் போய் வந்தீர்களே, அந்த நான்கு தடவைக்கும் இப்போது கையில் எந்தச் சாட்சியும் இல்லை. முற்பணம் மட்டும் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். நான்காவது மாதத்தில் பில்லோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஆகவே ஐந்தாவது தடவை போகும்போது கையில் கடிதத்தோடு போங்கள்.

கடிதம் இவ்வளவு போதும்: “இந்தத் திகதியில் உங்கள் கடையில், இந்த விலைக்கு, இந்த டிவியை வாங்கினேன். இந்தத் திகதியில் பழுதானது. இந்தத் திகதியில் வொறண்டி அட்டையோடு உங்களிடம் ஒப்படைத்தேன். ஏழு நாளுக்குள் திருத்தியோ மாற்றியோ தாருங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.” இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கடையின் சீலும் திகதியும் வாங்குங்கள். மறுத்தால் தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டு, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். டிவியைப் பொறுப்பெடுத்ததாக ஒரு துண்டும் கேளுங்கள்.

அந்த ஏழு நாளையும் சும்மா விடவேண்டாம். அன்றைக்கே அதிகார சபைக்கும் முறைப்பாட்டை எழுதி, பில் பிரதியையும் கடைக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்துக்கான அலுவலகம் நுவரெலியா கச்சேரியோடு (மாவட்டச் செயலகத்தோடு) இருக்கிறது. விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம், ஆனால் போன் பண்ணியதோடு நின்றுவிடாதீர்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், தமிழில் பதில் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை.

அப்புறம் அந்தப் பில் வாசகம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப பொருள் இல்லையென்றால் விசாரிக்கவும், நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடவும் அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அச்சடித்த ஒரு வரி அதை இல்லாமல் ஆக்காது. “அது கம்பனி வேலை” என்ற பேச்சும் எடுபடாது, ஏனென்றால் உற்பத்தியாளர் கொடுத்த உத்தரவாதத்தையும் வியாபாரி கொடுத்ததையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. உத்தரவை மதிக்காவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள்.

சிலர் பில்லே கொடுக்கமாட்டார்கள். நீங்கள் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அறிந்த கடை, கடன் கொப்பி வைத்திருக்கிறோம், எப்படிக் கேட்பது என்று கூசுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கூசாமல் கேளுங்கள். வாங்கியதும் பில்லையும் வொறண்டி அட்டையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, விலாசம். லயத்து விலாசத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்திலேயே கிடந்து, விசாரணைத் திகதி கடந்த பிறகு கைக்கு வருவதுண்டு. டவுனில் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தையும், எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பரையும் முறைப்பாட்டில் எழுதிவிடுங்கள்.